திருப்பும்போது சத்தம்: ஸ்டியரிங் மேல் பழி போடும் முன்

புதுச்சேரியின் பழைய நகரப் பகுதி கார் நோயைக் கண்டுபிடிக்க நல்ல இடம். தெருக்கள் கட்டம் போட்டதுபோல் ஒன்றையொன்று நேர்க்குத்தாக வெட்டுகின்றன. பாதித் தெருக்கள் ஒருவழி, ஓரமெல்லாம் ஸ்கூட்டர்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஸ்டியரிங்கை ஒடித்தே ஆக வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளம்பி, இருபது கிலோமீட்டருக்கு மேல் வாயே திறக்காமல் வந்த என் வண்டி, அங்கே முதல் திருப்பத்திலேயே ‘டக்... டக்... டக்’ என்றது. சக்கரம் நேரானதும் நின்றது. அடுத்த முனையில் மறுபடி ‘டக் டக்’.

‘ஸ்டியரிங்ல சத்தம் வருது’ என்று நாலு பேரிடம் சொன்னேன். நாலு தீர்ப்பு வந்தது. ‘பவர் ஸ்டியரிங் ஆயில் குறைஞ்சிருக்கும், வாங்கி ஊத்துங்க’ என்றார் ஒருவர். என் வண்டியில் அந்த ஆயிலே கிடையாது. ‘எல்லா வண்டியும் இப்படித்தான், விடுங்க’ என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொன்னார். ஒரு ஒர்க்‌ஷாப்பில், ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்சக்கரங்களை இடம் வலம் தள்ளுகிற ஸ்டியரிங் ரேக்கையே மாற்ற வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையைப் பார்த்ததும்தான் கொஞ்சம் படித்துப் பார்ப்போம் என்று தோன்றியது.

படித்தபின் புரிந்தது, குழப்பம் பேச்சிலேயே இருக்கிறது. திருப்பும்போது கேட்பதால் ஸ்டியரிங் சத்தம் என்கிறோம். நடக்கும்போது வலித்தால் செருப்பில் கோளாறு என்று சொல்வதுபோல்தான் இதுவும். செருப்பாக இருக்கலாம், முட்டியாகவும் இருக்கலாம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன்பக்கத்தில் அசைகிற பாகங்கள் நிறைய. அவற்றில் ஸ்டியரிங் என்று சொல்லத்தக்கவை கொஞ்சம்தான்.

## தேர் ஏன் முனகுகிறது

வில்லியனூர் தேரோ திருப்பாதிரிப்புலியூர் தேரோ, வீதி முனையில் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நேர் வீதியில் கம்பீரமாக உருண்டு வருகிற தேர், முனை வந்ததும் முனகும், கிறீச்சிடும். காரணம், அதன் அச்சு இடமோ வலமோ திரும்பாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து ஒரு பக்கம் தடுத்து, மறுபக்கம் இழுத்து, தரையோடு தேய்த்துத்தான் திருப்ப வேண்டும். அந்தத் தேய்ப்புதான் சத்தம்.

காருக்கும் இதே சிக்கல் உண்டு. திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும், உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால், ஒரு முழு வட்டம் முடிவதற்குள் வெளிச்சக்கரம் 9 மீட்டருக்கு மேல் அதிகம் உருண்டிருக்கும். இதைச் சமாளிக்கக் காரில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு திரும்பாது. உள்சக்கரம் சற்று அதிகம் ஒடியும். குதிரை வண்டிக் காலத்திலேயே, 1818-ல், இங்கிலாந்தில் ஆக்கர்மன் என்பவர் பெயரில் இதற்குக் காப்புரிமை பதிவானது. இரண்டாவது, டிஃபரன்ஷியல்: எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்ற விடுகிற பற்சக்கரப் பெட்டி.

அதனால் கார் தேர் மாதிரி முனகுவதில்லை. ஆனாலும் திரும்புகிற அந்தச் சில நொடிகளில் முன்பக்கம் முழுவதும் கூடுதல் வேலை செய்கிறது. சக்கரத்தோடு ஸ்பிரிங்கும் திரும்புகிறது, மூட்டுகள் கோணம் மாறுகின்றன, வண்டியின் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. அலைன்மென்ட் சரியாக இருக்கிற காரிலும் டயர் கொஞ்சம் தரையைத் தேய்க்கும். வழவழப்பான பெயின்ட் அடித்த பார்க்கிங் தரையில் டயர் ‘கீச் கீச்’ என்று கத்துவது இதனால்தான். அது நோயல்ல.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: திரும்புவது முன்பக்கத்தின் எல்லாப் பாகத்துக்கும் ஒரே நேரத்தில் வைக்கிற தேர்வு. பலவீனமான பாகம் எதுவோ அது சத்தம் போடும்.

## எப்போது சத்தம் வருகிறது?

சத்தம் எப்படி இருக்கிறது என்று விவரிப்பதில்தான் எல்லாரும் மெனக்கெடுகிறோம். ‘டக்’கா ‘டொக்’கா என்று வாயால் ஒலித்துக் காட்டுகிறோம். அது ஓரளவுக்குத்தான் உதவும். எப்போது வருகிறது என்பதுதான் துப்பு.

காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு திடலுக்கு வண்டியைக் கொண்டு போங்கள். கூட ஒருவர் வேண்டும், வெளியே நின்று கேட்க. முதலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக ஒடியுங்கள். சத்தம் வருகிறதா? அப்படியென்றால் சக்கரம் உருளாமலேயே வருகிற சத்தம். உருளும் பாகங்கள் எல்லாம் சந்தேகப் பட்டியலில் இருந்து விடுதலை.

அப்புறம் முழுவதும் ஒடித்தபடி, முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில் ஒரு வட்டம். நடுவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள், விடுங்கள். அழுத்தும்போது சத்தம் கூடி, விட்டதும் அடங்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு மறுபக்கம் ஒரு வட்டம், ரிவர்ஸில் ஒரு வட்டம். கடைசியாக, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து அதே வட்டத்தில் ஓடவிட்டுப் பாருங்கள்.

பத்து நிமிட வேலை. இதற்குப் பிறகு உங்களுக்குத் தெரிந்திருப்பது பல ஒர்க்‌ஷாப்களில் வண்டியைப் பார்க்காமலே சொல்லும் தீர்ப்பைவிட நம்பகமானது.

## ஆறு கோலிக்குண்டுகள்

உருளும்போது மட்டும், ஒடித்தால் மட்டும், ஆக்ஸிலேட்டர் மிதித்தால் அதிகமாக ‘டக் டக் டக்’. வேகம் கூடினால் டக்குகள் நெருங்குகின்றன. இது சிவி ஜாயின்ட்டின், அதாவது எஞ்சினின் சுழற்சியை முன்சக்கரத்துக்குக் கடத்துகிற மூட்டின் குரல். இன்றைய சின்ன கார்களில் ‘ஸ்டியரிங் சத்தம்’ என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரத்தால் ஓடியவை. முன்சக்கரத்துக்குத் திரும்புவது ஒன்றே வேலை. 1983-ல் வந்த மாருதி 800-இல் முன்சக்கரமே வண்டியை இழுத்தது. இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இப்போது ஓடுகிற சின்ன கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். திருப்பும்போது முன்னால் சத்தம் வந்தால் உடனே ஸ்டியரிங் என்கிற பழக்கம், பழைய வண்டிகளில் கைதேர்ந்தவர்களிடமிருந்து நமக்கு வந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் வண்டியில் அது பெரும்பாலும் சரியாகவும் இருந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டு நேராகச் சுழல்கிறது, சக்கரமோ கோணலாக நிற்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயில் ஒரு முழத்தை எடுத்து வளைத்துப் பிடியுங்கள். ஒரு முனையை முறுக்கினால், வளைந்த நிலையிலேயே மறுமுனையும் சுழலும். கோணத்தைத் தாண்டிச் சுழற்சியைக் கடத்துவது என்றால் இதுதான். ஆனால் ரப்பர் குழாயால் காரை இழுக்க முடியாது, இரும்பில் செய்ய வேண்டும்.

இரும்பில் செய்த வடிவம் இப்படி: ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உருண்டை. கிண்ணத்தின் உள்சுவரில் ஆறு பள்ளக்கோடுகள், உருண்டையின் மேல் அதற்கு நேராக ஆறு பள்ளக்கோடுகள். நடுவில் கோலிக்குண்டு மாதிரி ஆறு இரும்புக் குண்டுகள், அவை சிதறாமல் பிடிக்க ஒரு கூடு. தண்டு உருண்டையைச் சுழற்றும், உருண்டை குண்டுகளைத் தள்ளும், குண்டுகள் கிண்ணத்தைச் சுழற்றும், கிண்ணம் சக்கரத்தைச் சுழற்றும். 40 டிகிரிக்கு மேல் ஒடித்தாலும் இரண்டு பக்கமும் ஒரே சீரான வேகத்தில் சுற்றும். அந்தச் சீர்வேகத்தை, ஆங்கிலத்தில் கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, குறிப்பதுதான் சிவி என்ற எழுத்துகள். லாரியின் அடியில் தெரியும், கூட்டல் குறி வடிவ இரும்பு வைத்த ஜாயின்ட்டை இந்த அளவுக்குக் கோணல் செய்தால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும். ஸ்டியரிங் கையில் உதறும்.

நேராக ஓடும்போது குண்டுகள் பள்ளத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்கில் அங்கேயே அழுத்தி அழுத்தி, தேய்மானம் அங்கே குழியாகும். ஒடித்தால் குண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தின் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓட வேண்டும். குழிக்குள் விழுந்து, பாரத்தோடு குழியைவிட்டு ஏறும்போது ஒரு ‘டக்’. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் பாரம் கூடுகிறது, சத்தமும் கூடுகிறது. காலை எடுத்தால் அடங்குகிறது. திடலில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி விட்டுப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

எந்தப் பக்கத்து ஜாயின்ட்? ‘இடது பக்கம் ஒடிச்சா வந்தா வலது ஜாயின்ட்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பல நேரம் சரியாக வரும், ஆனால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வெளியே நிற்பவரின் காது இதைவிட நம்பகமானது.

ஒரு விஷயம் முக்கியம். பழைய இன்னோவா, கிரிஸ்டா, இரண்டு சக்கரம் மட்டும் ஓட்டுகிற பொலேரோ, ஈக்கோ எல்லாம் பின்சக்கரத்தால் ஓடுபவை. அவற்றின் முன்சக்கரத்தில் சிவி ஜாயின்ட்டே இல்லை. அந்த வண்டிக்காரரிடம் முன்பக்க சிவி ஜாயின்ட் போய்விட்டது என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

## பூட் கிழிந்தால் மணல் புகும்

நல்ல சிவி ஜாயின்ட் ஒரு லட்சம் கிலோமீட்டரைச் சுலபமாகத் தாண்டும். சீக்கிரம் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஜாயின்ட் அல்ல, அதன்மேல் போர்த்தியிருக்கிற பூட். பூட் என்பது மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிந்து சுருங்கும். உள்ளே கருப்பு கிரீஸ் நிரம்பியிருக்கும். மாலிப்டினம் கலந்த, அழுத்தம் தாங்கும் கிரீஸ் அது. சாதாரண மஞ்சள் கிரீஸ் அந்த இடத்துக்கு உதவாது.

ரப்பருக்கு வயதானால் மடிப்பின் அடியில் நகக்கீறல் அளவு வெடிப்பு விழும். சக்கரம் சுழல்கிற வேகத்தில் கிரீஸ் அந்த வெடிப்பு வழியாக வெளியே தெறிக்கும். கிரீஸ் போன வழியில் மணலும் தண்ணீரும் உள்ளே வரும். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கமோ காலாப்பட்டுப் பக்கமோ குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அங்கே வாசலைப் பெருக்கினால் முறத்தில் வருவது மணல்தான். கடல் மணல் உப்புக்காகிதத்தில் ஒட்டியிருக்கும் துகள் போலக் கடினமானது. மிச்சமிருக்கும் கிரீஸோடு கலந்து, அது குண்டுகளுக்குப் பட்டை தீட்டும் களிம்பாகிவிடும்.

பார்ப்பது எளிது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்து எஞ்சினை அணையுங்கள். சக்கரம் வெளியே பிதுங்கி நிற்கும். பின்பக்கத்துச் சந்தில் போன் டார்ச்சை அடியுங்கள். கூம்பு வடிவ ரப்பர் தெரியும். மடிப்புகளை விரலால் விரித்து, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, சுற்றிலும் பாருங்கள். என் வண்டியில் பூட்டைப் பார்ப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது: ரிம்மின் உள்பக்கம் முழுக்கத் தார் தெளித்தாற்போல் கருப்பு வளையம். விரலில் தொட்டுத் தேய்த்தேன், நறநற என்றது.

‘பூட் கிழிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா சில நூறு ரூபாயோட போயிருக்கும் தம்பி. இப்போ ஜாயின்ட்டும் சேர்த்துதான்’ என்றார், கடைசியில் நான் போய்ச் சேர்ந்த மெக்கானிக் அண்ணன். சத்தம் வருமுன் கிழிசலைப் பிடித்தால், ஜாயின்ட்டைக் கழற்றிக் கழுவி, பள்ளங்களைப் பார்த்து, புது கிரீஸும் புது பூட்டும் போட்டால் போதும். ‘டக் டக்’ வந்துவிட்டால் குழி விழுந்துவிட்டது என்று பொருள். குழியை கிரீஸால் நிரப்ப முடியாது. சில நாள் சத்தம் அமுங்கும், அவ்வளவுதான்.

சுருக்கமாக: உருளும்போது, ஒடித்து மிதித்தால் டக் டக் என்றால் முதலில் பூட்டைப் பாருங்கள். ரேக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால்

இப்போது வேறு குடும்பம். வண்டி நகரவில்லை, ஆனால் ஒடித்தால் ‘டொய்ங்’ என்று கம்பி தெறிக்கிற சத்தம், அல்லது ‘கிர்ர்’ என்ற முனகல். அதோடு ஸ்டியரிங் கையில் லேசாகத் துள்ளுகிறது.

பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்தோடு சேர்ந்து ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் மொத்தமாக இடம் வலம் திரும்பும். இந்தத் தொகுப்புக்கு ஸ்ட்ரட் என்று பெயர். அதன் உச்சி பானெட்டுக்கு அடியில் பாடியோடு சேர்கிற இடத்தில் ஒரு பேரிங் இருக்கிறது. சுழல் நாற்காலியின் அடியில் இருப்பதுபோல, வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டே சுழல விடுவது அதன் வேலை. துருவோ தூசியோ ஏறினால் அது பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஒடிக்க ஒடிக்க ஸ்பிரிங் முறுக்கேறும். ஒரு கட்டத்தில் பிடி விட்டு ‘டொய்ங்’ என்று உதறிக்கொள்ளும். பீரோவைத் தரையில் தள்ளும்போது அது நகராமல் முரண்டு பிடித்து, சட்டென்று ஒரு சாண் நகர்ந்து ‘கிர்ர்’ என்கிறதே, அதே கதை. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இந்தப் பேரிங் துருப்பிடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

சோதிப்பது: பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ளங்கையை வையுங்கள். கூட வந்தவர் மெதுவாக ஒடிக்கட்டும். துள்ளல் கையில் தெரியும். சில வண்டிகளில் இந்த இடம் வைப்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக்கால் மூடியிருக்கும். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே மட்டும் விரலை விட்டுவிடாதீர்கள்.

‘கீங்... கீங்’ என்று பழைய கட்டில் மாதிரி சத்தம் வந்தால் ரப்பர் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். சக்கரத்தைத் தாங்குகிற கையான லோயர் ஆர்ம், பாடியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். சத்தம் சற்று நேரம் காணாமல் போனால் ஆள் அதுதான். மழை நாளில் கீச்சிடாத வண்டி வெயில் வந்ததும் மறுபடி ஆரம்பிப்பது இதனால்தான்.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். கடலோரத் துருவுக்குப் பயந்து அடிப்பாகத்துக்கு டீசல் வாஷ் கேட்கிறோம். டீசலும் ஆயிலும் ரப்பரை ஊற வைத்து உப்பச் செய்யும், நாளடைவில் புஷ், பூட் எல்லாம் பிசுபிசுத்துக் கிழியும். நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவினாலே உப்பு போய்விடும். டீசலை டேங்கில் ஊற்றுவோம், அடியில் வேண்டாம்.

## எண்ணெய் உள்ள ஸ்டியரிங், இல்லாத ஸ்டியரிங்

சரி, நிஜமாகவே ஸ்டியரிங் சத்தம் போடாதா? போடும். அதற்குமுன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். பானெட்டைத் திறந்து, மூடியில் ஸ்டியரிங் படம் போட்ட சின்னப் புட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் உதவுகிற வகை. இல்லாவிட்டால் பெரும்பாலும் மின் மோட்டார் உதவுகிற எலெக்ட்ரிக் வகை. இப்போது வருகிற சின்ன கார்கள் அநேகமாக எலெக்ட்ரிக்தான். பெட்ரோல் மலிவு என்று, கடலூரைத் தாண்டியதும் புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடை பங்க் வரை வண்டியைக் கொண்டுபோய் வரிசையில் நிற்கிற நாம், பானெட்டைத் திறந்து இந்த ஒரு புட்டியைப் பார்த்ததில்லை.

ஹைட்ராலிக்கில் எஞ்சின் பெல்ட்டால் ஓடும் ஒரு பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. வீட்டுச் சம்பில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் காற்றை இழுத்து அலறுமே, எண்ணெய் குறைந்தால் இந்தப் பம்பும் அப்படித்தான் ஊளையிடும். ஒடிக்கும்போது இன்னும் சத்தமாக. எண்ணெய் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றிவிட்டுப் போய்விடாமல் கசிவைத் தேட வேண்டும். மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள சீல்கள் கெட்டுப்போகும்.

கோடி வரை ஒடித்துப் பிடித்தால் வரும் ‘உஸ்’ வேறு. குக்கரில் அழுத்தம் ஏறினால் வெயிட் தூக்கி ஆவியை விடுவதுபோல, பம்பில் ஒரு வால்வு மிகுதி அழுத்தத்தை விடுகிறது. இயல்புதான். ஆனால் அப்படியே சில நொடிகளுக்கு மேல் பிடித்திருந்தால் எண்ணெய் சூடாகும். கோடியைத் தொட்டதும் ஒரு விரற்கடை தளர்த்திவிடுவது நல்ல பழக்கம். ‘கீச்ச்’ என்று மாவு மில் பெல்ட் வழுக்குவதுபோல் கத்தினால், நிஜமாகவே பெல்ட்தான் வழுக்குகிறது.

எலெக்ட்ரிக் வகையில் எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை, ஊளையும் இல்லை. நின்ற இடத்தில் ஒடிக்கும்போது மெல்லிய ‘ங்’ கேட்கலாம், அது மோட்டார். பேட்டரி பலவீனமானால் ஸ்டியரிங் கனக்கும். ஸ்டியரிங் வளையத்துக்குள்ளேயே ‘சரசர’ என்று காகிதம் உரசுவதுபோல் கேட்டால், ஹாரனுக்கும் ஏர்பேகுக்கும் மின்சாரம் கொண்டுபோகிற நாடாச் சுருளாக இருக்கலாம். மெக்கானிக்குகள் கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். அங்கே நீங்கள் கை வைக்க வேண்டாம், ஏர்பேக் இருக்கும் இடம்.

## உறுமலும் உரசலும்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வேகம் கூடக்கூட ‘ஊம்ம்’ என்ற உறுமல், நேராகப் போனாலும் உண்டு, ஒரு பக்கம் வளைந்தால் கூடுகிறது, மறுபக்கம் வளைந்தால் குறைகிறது என்றால் சக்கர பேரிங். வலப்பக்கம் வளையும்போது எடை இடப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் சந்தேகம் இடது பேரிங் மேல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்தையும் பதம் பார்த்தது. அப்படிச் சக்கரம் மூழ்க நின்ற வண்டிகளில் எஞ்சினைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள். பேரிங்குக்குள் புகுந்த தண்ணீர் உடனே சத்தம் போடாது. மாதங்கள் கழித்து உறுமும்.

கோடி வரை ஒடித்தால் மட்டும் ‘சர்ர்’ என்ற உரசல் என்றால் டயர் உள் மட்கார்டு பிளாஸ்டிக்கில் உரசுகிறது. அகலமான டயர் மாற்றியிருந்தாலோ, பள்ளத்தில் இடித்து அந்தப் பிளாஸ்டிக்கின் கிளிப் கழன்றிருந்தாலோ இப்படி வரும். பிளாஸ்டிக்கில் பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கும். கிளிப் என்றால் அரை மணி நேரச் செலவு.

## அலட்சியம் கூடாத ஒரு சத்தம்

இதுவரை சொன்னவை பெரும்பாலும் பணத்தைத்தான் கேட்கும். பால் ஜாயின்ட் அப்படியல்ல. நம் இடுப்பு மூட்டு மாதிரி கிண்ணத்துக்குள் உருண்டை. லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். அது தேய்ந்தால் மெதுவாகத் திரும்பி வேகத்தடையில் ஏறும்போதோ, பிரேக் பிடித்தபடி ஒடிக்கும்போதோ ‘டொக்’ என்று கனமான ஒற்றை அடி கேட்கும். டக் டக் என்று வரிசையாக வராது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராட் எண்டும் இதே உறவு. அது தேய்ந்தால் ஸ்டியரிங் கையில் தொளதொள என்றிருக்கும்.

பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். டை ராட் கழன்றால் சக்கரம் உங்கள் சொல் கேட்காது. சமதளத்தில் ஜாக்கியோடு ஸ்டாண்டும் முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் டை ராட் எண்ட். கையில் ஆட்டம் தெரிகிற வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், ஆளை வரச் சொல்லுங்கள். சிவி ஜாயின்ட் டக் டக் வைத்துக்கொண்டு மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். திருப்பதி வரை வேண்டாம்.

## ஒர்க்‌ஷாப்பில் எப்படிச் சொல்வது

‘அண்ணே, ஸ்டியரிங்ல சத்தம்’ என்று ஆரம்பித்தால் அவருடைய பார்வையும் ஸ்டியரிங்கிலிருந்துதான் ஆரம்பிக்கும். பாகத்தின் பெயரைச் சொல்லாமல், திடலில் கண்டதை மட்டும் சொல்லுங்கள். நான் கடைசியாகச் சொன்னது இப்படி: ‘அண்ணே, நின்ன இடத்துல ஒடிச்சா சத்தம் இல்ல. வலது பக்கம் ஃபுல்லா ஒடிச்சு முதல் கியர்ல மிதிச்சா டக்டக்னு வருது, கால எடுத்தா அடங்குது. வெளிய நின்னவரு இடது சக்கரம்ங்கறாரு.’

அவர் ஸ்டியரிங் பக்கமே வரவில்லை. வண்டியை ஒரு வட்டம் அடித்துக் காட்டச் சொல்லி, கூடவே நடந்து வந்து, இடது சக்கரத்துக்கு அருகில் காதைக் கொடுத்தார். பிறகு குனிந்து டார்ச் அடித்தார். கழற்றிய பழைய ஜாயின்ட்டைக் கேட்டு வாங்கி மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். ஆறு பள்ளங்களிலும் நடுவில், சுண்டுவிரல் நகத்தை வைத்தால் தடுக்குகிற அளவுக்கு, ஒவ்வொரு குழி.